ஆபத்த ஆராதனை

ஓர் எழுத்துப் பிழைக்காக நான் ஒரு சபைக்கு முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஒரே ஓர் எழுத்து. ‘ய’ வர வேண்டிய இடத்தில் ‘ப’ வந்துவிட்டது. அதைவிடப் பெரிய தப்பைச் செய்தவர் எனக்கு முன் பெஞ்சில் வேட்டி கசங்காமல் உட்கார்ந்திருந்தார். அவரை எழுந்து நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் உச்சந்தலையில் சூடு ஏறுகிறது. கோபம் ஆறின பிறகு எழுதலாம் என்று பல மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற வேலை எனக்கு. பட்டாசு லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் மெஷினுக்குப் போகும். வீடு நாரணாபுரம் பக்கம். எங்கள் கோவில், அதாவது சர்ச், சின்னது. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு நற்கருணை. அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆயத்த ஆராதனை. மறுநாள் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கப் போகிறவர்கள் மனதைத் தயார் செய்துகொள்வதற்காக வைத்தது. குருவானவர் பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, மீறியிருக்கிறோமா என்று யோசிக்கச் சொல்வார். யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்பார். பிறகு ஐந்து நிமிடம் மௌனம். நல்ல ஏற்பாடு. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆனால் சனிக்கிழமை ஐந்து மணிக்கு எங்கள் சபையில் முக்கால்வாசிப் பேர் பட்டாசுக் கம்பெனிகளில் இருப்பார்கள். சனிக்கிழமைதான் லோடு ஏறும். கடைசிப் பெட்டி ஏறி, கம்பெனி வேன் அவர்களைக் கொண்டுவந்து ஊரில் இறக்கிவிட ஏழு மணி ஆகிவிடும். ஆக, ஆயத்த ஆராதனைக்கு வருகிறவர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர்தான். வீட்டில் இருக்கிறவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், என்னைப் போல நாலரைக்கெல்லாம் வெளியே வர முடிகிறவர்கள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை நேரே பந்திக்கு வருவார்கள். பலிபீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்கால் போட்டு வாங்குவதை எங்கள் பக்கம் பந்தி என்றுதான் சொல்வோம். எத்தனையோ வருடமாக இது இப்படியே நடந்தது. யாரும் கெட்டுப்போகவில்லை.

போன வருடம் புதுக் கமிட்டி வந்தது. புதுச் செயலாளரும் வந்தார். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள், நானும் அப்படித்தான் அழைத்தேன். அவர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். முதலாளிமார் வேறு மதம், நல்ல மனிதர்கள். கோவில் காரியம் என்று சொன்னால் அண்ணாச்சியை எந்த நேரமும் விட்டுவிடுவார்கள். அவர் சனிக்கிழமை நாலரைக்கு பைக்கை எடுத்துவிடுவார். வந்து பார்த்தால் கோவிலில் பெஞ்சுகள் காலி. அவருக்குத் துக்கம் தாங்கவில்லை. சபை குளிர்ந்துபோய்விட்டது, ஜனங்கள் ஆயத்தமில்லாமல் கர்த்தருடைய பந்தியைத் தொடுகிறார்கள் என்று கமிட்டியில் பேசி ஒரு தீர்மானம் போட்டார். ஆளுக்கு ஓர் அட்டை. ஆயத்த ஆராதனைக்கு வந்தால் அதில் செயலாளர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாதவர்களுக்கு மறுநாள் பந்தி கிடையாது.

தன்னுடைய கம்பெனி வேன் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பது அந்த மனிதருக்குத் தெரியாதா? வேனை விடச் சொல்கிறவரே அவர்தான்.

அட்டையை அச்சடிக்க எங்கள் அச்சகத்துக்குத்தான் கொடுத்தார். அந்த வாரம் நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை கம்பெனிகளுக்கான எச்சரிக்கைப் பலகைகளை அடித்துக்கொண்டிருந்தேன். ஆபத்து, செல்போன் கொண்டு செல்லாதே. ஆபத்து, செருப்புடன் நுழையாதே. ஆபத்து, நான்கு பேருக்கு மேல் கூடாதே. நடுவில் இந்த அட்டை. ஆயத்த ஆராதனை வருகை அட்டை என்று அடிக்கப்போன விரல், பழக்க தோஷத்தில் ஆபத்த ஆராதனை வருகை அட்டை என்று அடித்துவிட்டது. புரூப் அண்ணாச்சிக்குப் போனது. அவர் தன் பெயரும் பதவியும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். முந்நூறு அட்டை மஞ்சள் நிறத்தில் அச்சாகிக் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

முதல் சனிக்கிழமை ஆராதனை முடிந்து அட்டையைக் கொடுக்கும்போதுதான் பிழை ஒருத்தர் கண்ணில் பட்டது. பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, “ஆபத்துதான்” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி முகம் கறுத்துப்போயிற்று. நான் வேண்டுமென்றே செய்ததாக அவர் நினைத்தார். சத்தியமாக இல்லை. வேண்டுமென்று செய்யும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்திருந்தால் இன்னும் நல்லதாக வேறு ஏதாவது அடித்திருப்பேன். சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குருவானவரிடம் சொன்னார். குருவானவர் வயதில் சின்னவர், வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் அக்கா என்று மெல்லக் கேட்டுக்கொண்டார். எழுந்து நின்று சொன்னேன். அதோடு விட்டார்களா? முந்நூறு அட்டையையும் என் மடியில் வைத்தார்கள். ‘ப’வுக்குள் பேனாவால் ஒரு வளைவு போட்டால் அது ‘ய’ மாதிரி ஆகிவிடும். விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வளைவு போட்டேன். ஐம்பதாவது அட்டையில் விரல் வலித்தது. நூறாவது அட்டையில் கர்த்தரிடமே சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள்தான் என் மதினிக்கு அது நடந்தது.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி. அவள் மல்லாங்கிணற்றுக்காரி. மானாவாரி நிலமும் மாடும் கன்றுமாக இருக்கிற வீடு, குலசாமி கும்பிடுகிற வீடு. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து, இரண்டு வருடம் கழித்து, யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாகவே ஞானஸ்நானம் வாங்கினாள். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. அண்ணனுக்கே அவ்வளவு பக்தி கிடையாது. லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வரப் பத்து நாள் ஆகும், கோவிலுக்கு வருவது கிறிஸ்துமஸுக்குத்தான். ஞானஸ்நானம் வாங்கின செய்தி போனதும் அவளைப் பெற்ற அப்பா இனிமேல் இந்த வாசலில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டார். அவர் சாவுக்குக்கூட அவள் தெருமுனையில் நின்றுதான் அழுதுவிட்டு வந்தாள். எதற்காக இவ்வளவும் என்று ஒரு தடவை கேட்டேன். முதல் தடவை எல்லாரோடும் ஒரே பந்தியில் முழங்கால் போட்டு அந்த அப்பத்தை வாங்கினபோது, நாமும் இந்த வீட்டுப் பிள்ளை என்று தோன்றியதாம். அதற்காக இருக்கிற ஒரு வீட்டையும் இழக்கலாம் என்று தோன்றியதாம். நான் பிறவிக் கிறிஸ்தவள். எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றினதில்லை என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். அவள் ஒரு மாதமும் பந்தி தவறினதில்லை. காய்ச்சலோடு வந்து வாங்கியிருக்கிறாள்.

அவள் வேலை பார்ப்பது அண்ணாச்சி மேனேஜராக இருக்கிற கம்பெனியில்தான். பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிற வேலை. அந்தச் சனிக்கிழமை நாலரைக்கு அவர் பைக்கில் ஏறும்போது, பெட்டி எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் வேன் கிளம்ப வேண்டும் என்று போர்மேனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவள் வீடு வந்தபோது ஏழேகால்.

ஞாயிற்றுக்கிழமை பந்திக்குப் போகிற வழியில், தூணோரம் நின்று அண்ணாச்சி அட்டை பார்த்துக்கொண்டிருந்தார். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர்கூட ஆளின் முகத்தைப் பார்ப்பார். இவர் கையை மட்டும் பார்த்தார். மதினிக்கு முன்னால் போன நான்கைந்து கம்பெனிப் பெண்கள் விஷயம் தெரிந்து பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். மதினி திரும்பவில்லை. அவருக்கு எதிரே போய் நின்றாள். அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் கோவில் அமைதியாக இருந்ததால் மூன்று வரிசைக்குக் கேட்டது.

“ஆயத்தமில்லாம வாங்குனா ஆக்கினைம்மா, தண்டன வரும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். போய் உக்காரு.”

மதினி வந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அழவில்லை. அவள் கைகள் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் போகாத அந்த மருந்தின் வெள்ளிப் பொடி மினுங்கியது. அண்ணாச்சியின் நகங்கள் எப்போதும் சுத்தமாக இருக்கும். அந்த ஞாயிறு நான் பந்திக்குப் போனேன், வாங்கினேன், விழுங்கினேன். அது எனக்கு உள்ளே இறங்கவே இல்லை.

அந்த வாரமே குருவானவரைப் பார்க்கப் போனேன். அவர் எனக்குக் காப்பி கொடுத்தார், வருத்தப்பட்டார், கமிட்டித் தீர்மானம் அக்கா என்றார், அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த கூட்டத்தில் என்ன பேசினார்களோ, அறிவிப்புப் பலகையில் ‘அட்டை கட்டாயம்’ என்று கோடு போட்டு எழுதினார்கள். அண்ணாச்சியிடமும் நேரே கேட்டேன், வேனை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் சீக்கிரம் விடக் கூடாதா என்று. சீசன் நேரம், ஆர்டர் நிற்கிறது, கம்பெனி வேறு கோவில் வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்றார். எவ்வளவு தெளிவான மனிதர் பாருங்கள்.

அடுத்த மாதச் சனிக்கிழமை மறுபடியும் ஆயத்த ஆராதனை. நான் போனேன். எப்போதும் உட்காருகிற இடம், எனக்கு நேர் முன்னால் அண்ணாச்சியின் பிடரி. புதிதாக முடி வெட்டி பவுடர் போட்டிருந்தார். குருவானவர் மனதை ஆராய்ந்து பார்க்கச் சொல்லி மௌனத்துக்கு விட்டார். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பிடரியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலை போக வேண்டும் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் அவர் தலை குனிந்து நிற்க வேண்டும் என்று நினைத்தேன். நிறுத்த முயற்சி செய்தேன், ஜெபத்தை ஆரம்பித்தேன், ‘எங்கள் கடனாளிகளுக்கு’ என்கிற இடம் வந்ததும் வாய் நின்றுபோயிற்று. அதற்கு அடுத்த ‘நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்கிற வார்த்தைகளைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் அட்டையை நீட்டினேன். அண்ணாச்சி தங்க மூடி போட்ட பேனாவால் கையெழுத்துப் போட்டார். ஆக, அவரைக் கொன்று புதைத்துவிட்டு வந்த என் மனம் ஆயத்தமாக இருக்கிறது என்று அவரே சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

நேரே மதினி வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வேன் இறக்கிவிட்டிருந்தது. வாசல் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அட்டையில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் உண்டு, அதையும் அண்ணாச்சி பார்ப்பதில்லை. என் அட்டையை அவள் கொண்டுபோகலாம், நாளைக்கு நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். திருட்டு அட்டையில் பந்திக்குப் போவதற்கா அப்பன் வீட்டை விட்டு வந்தேன் என்று கேட்டாள். சரி, அப்படியானால் என்னோடு வந்து அவர் மூஞ்சிக்கு நேரே நாலு கேள்வி கேளுங்கள் என்றேன். அதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். எனக்கு அவள்மேலேயே எரிச்சல் வந்தது. இவ்வளவு நடந்தும் உங்களுக்குக் கோபமே வராதா, என்ன ஜென்மம் நீங்கள் என்று கத்திவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னது இது:

“வராம என்னத்தா. நெறைய வரும். ஆனா காலைல மருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன செருப்பக் கழட்டி, சேல ஊக்க எடுத்து வச்சிட்டு, வாசல்ல இருக்க செப்புத் தகட்டத் தொடணும். ஒடம்புல உள்ள கரண்டு எறங்கணும்ல. அங்கன நின்னு ஒரு நிமிசம் எல்லாத்தையும் எறக்கிட்டுத்தான் உள்ள போறேன். இன்னார் மேல கோவம், இன்னார் மேல வருத்தம், எல்லாம். அந்த மனுசனையுந்தான். தெனமும் மன்னிக்கிறேன். கோவத்தோட போனா கை நடுங்கும். நடுங்குனா மருந்து சிந்தும். உள்ள எங்கூட மூணு பேரு இருக்காக.”

இதைக் கேட்டு என் மனம் உருகியது என்று எழுத ஆசைதான். உருகவில்லை. என் கோபம் இரண்டு மடங்கானது. சாவு எந்த நேரமும் வரலாம் என்று ஒருத்தி தினமும் எட்டு மணிக்கு எல்லாரையும் மன்னித்துவிட்டு உள்ளே போகிறாள். அவளை அங்கே உட்கார்த்தி வைத்தவர் மாதத்துக்கு ஒரு தடவை ஃபேனுக்கு அடியில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிவிட்டு, அவள் ஆயத்தமில்லை என்கிறார்.

மறுநாள் மதினி கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் எழுந்து வரப்போவதில்லை என்று தெரிந்தது. பந்தி ஆரம்பித்தது. நான் வரிசையில் போனேன். தூணோரம் அட்டையைக் காட்டினேன், அண்ணாச்சி தலையசைத்தார். பலிபீடத்துக்கு முன் முழங்கால் போட்டேன். அதுவரை என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. இரு பக்கமும் ஆட்கள் வலது கையை இடது கைமேல் வைத்து நீட்டியிருந்தார்கள். நானும் நீட்டினேன். என் உள்ளங்கையில் அந்த மஞ்சள் அட்டை இருந்தது.

குருவானவர் அப்பத்தட்டோடு எனக்கு நேரே வந்தார். அட்டையைப் பார்த்தார். கையை எடுக்கச் சொல்கிறாரா, அட்டையை எடுக்கச் சொல்கிறாரா என்று புரியாமல் அவர் விழித்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

“கையெழுத்து இருக்குய்யா. ஆயத்தம் இல்ல. ஆயத்தமா இருக்கவுக கடைசிப் பெஞ்சில உக்காந்திருக்காக” என்றேன்.

கத்திச் சொல்லவில்லை. ஆனால் கோவில் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஆர்மோனியம் நின்றுவிட்டது. அண்ணாச்சி தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். குருவானவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இந்தத் தடவை அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். பிறகு தட்டோடு படியிறங்கி, நடுப்பாதை வழியாகக் கடைசிப் பெஞ்சு வரைக்கும் நடந்தார். நான் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி பதறி எழுந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் தரையிலேயே முழங்கால் போட்டாள். அந்தப் பொடி படிந்த கைகளை நீட்டி வாங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனிப் பெண்களும் ஒவ்வொருத்தியாகச் சரிந்து முழங்கால் போட்டார்கள். குருவானவர் அத்தனை பேருக்கும் கொடுத்தார். அதற்குள் எனக்கு மூட்டு வலித்தது. இருந்தாலும் அசையவில்லை.

திரும்பி என்னிடம் வந்தார். அட்டையை என் கையிலிருந்து எடுத்து அங்கியின் மடிப்பில் வைத்துக்கொண்டார். அப்பத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். வாங்கியிருக்கலாம். நான் கேட்டது நடந்துவிட்டது. ஆனால் கண்ணின் ஓரத்தில் அந்த வெள்ளை வேட்டி தெரிந்தது, உள்ளே குபுகுபு என்று அதே சூடு. கையை மூடிக்கொண்டேன். தலையை அசைத்தேன். எழுந்து போய் மதினி பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்தது. வெளியே வேப்பமரத்தடியில் செருப்பை மாட்டும்போது மதினி என் கையைப் பிடித்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எங்களுக்கெல்லாம் பந்தி போட வச்சிட்டு நீ பட்டினியா வந்துட்டியே, ஏத்தா” என்றாள்.

அப்போதுதான் அழுதேன். செருப்பு ஒரு காலில், மறுகால் மண்ணில்.

அடுத்த மாதத்திலிருந்து ஆயத்த ஜெபம் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆராதனைக்கு முந்தின அரைமணி நேரம் என்று மாறிவிட்டது. அட்டையை அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி இன்னும் செயலாளர்தான், சனிக்கிழமை வேனும் இன்னும் ஏழு மணிக்குத்தான் வருகிறது. அவர் மதினியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கச் சொல்ல யாருக்கும் தோன்றவும் இல்லை. நான் ஒவ்வொரு முதல் ஞாயிறும் போகிறேன். மௌனத்தில் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தடவையாவது அவர்மேல் உள்ள கோபத்தை இறக்கிவிட வேண்டும் என்று முயற்சி செய்கிறேன். பந்திக்கு அழைப்பு வந்ததும் மதினி எனக்காக ஒரு நொடி நின்று பார்ப்பாள். நான் என் முழங்காலை ஒதுக்கி அவளுக்கு வழி விடுவேன். அவள் போய் வாங்கிக்கொண்டு வருவாள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.